விமானியின் மனசையும் கேளுங்கள்

2015 மார்ச் 24. ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானியே ஆல்ப்ஸ் மலையில் மோதவிட்டார். 150 பேர் இறந்தார்கள். வேலைக்குப் போகக்கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்ததை அவர் நிறுவனத்திடம் மறைத்திருந்தது விசாரணையில் தெரிந்தது.

உடனே எல்லோரும் கேட்டது கடுமையான பரிசோதனை. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. கண், காது, இதயக் கோளாறெல்லாம் பெரும்பாலும் கருவியில் தெரிந்துவிடும். மனச்சோர்வு அப்படியில்லை, விமானி வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. சொன்னால் வேலை போகும், சம்பளம் போகும், பயிற்சிக்கு வாங்கிய கடன் மட்டும் நிற்கும் என்றால் யார் சொல்வார்கள்?

அமெரிக்காவில் 2010 வரை மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டால் விமானம் ஓட்டவே முடியாது. அப்புறம்தான் சில மருந்துகளுக்கு, கண்காணிப்போடு அனுமதி வந்தது. ஐரோப்பாவில் 2021 முதல், பயணிகள் விமானம் ஓட்டத் தொடங்கும் முன் உளவியல் மதிப்பீடு கட்டாயம். கூடவே, சக விமானிகளிடம் ரகசியமாகப் பேசி உதவி பெறும் ஏற்பாட்டையும் நிறுவனம் செய்து தர வேண்டும். இந்த இரண்டாவது விதிதான் உயிர் காக்கும் என்று நான் நம்புகிறேன். சிகிச்சைக்கு விடுப்பு எடுப்பவருக்குச் சம்பளம் உண்டு, குணமானதும் வேலைக்குத் திரும்பலாம் என்பதையும் எல்லா நாட்டு நிறுவனங்களும் எழுத்தில் கொடுக்க வேண்டும்.