மெமொரபிலியா: சாதாரண தரப் பிள்ளைகளுக்காக ஒரு சொல்

ஆங்கிலம்-தமிழ் கையகராதியைப் புரட்டினால் சுவனியர், மெமென்டோ, கீப்சேக், மெமொரபிலியா எல்லாவற்றுக்கும் 'நினைவுப்பொருள்' என்றுதான் பெரும்பாலும் இருக்கும். வாசித்து விளங்க அது போதும். கட்டுரை எழுதப் போகும்போது போதாது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த காலத்தில் இவற்றைத் திருகோணமலையில் கண்ணுக்குத் தெரிகிற பொருள்களோடு சேர்த்துப் பழகினேன். அப்போதுதான் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து நின்றது.

கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழிக் கடைகளில் வெளியூர்ச் சனம் வாங்கிப் போவது சுவனியர். பள்ளிக்கூடம் மாறிப் போகும் தோழி தந்த பேனை கீப்சேக். மெமென்டோ இரண்டுக்கும் நடுவில் நிற்கும். பரிசளிப்பு விழா மேடையில் கொடுப்பதையும் நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம்.

மெமொரபிலியாவுக்கு உங்கள் சொந்த நினைவு மட்டும் போதாது. பலரும் அறிந்த ஓர் ஆளோடு, நிகழ்வோடு, காலத்தோடு அந்தப் பொருளுக்குத் தொடர்பு இருக்க வேண்டும். அதனாலேயே ஆட்கள் அதைத் தேடிச் சேர்ப்பார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் எங்கள் துறைமுகத்தைத் தாக்கின. அன்றே 'ஹெர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அந்தக் கப்பல் மாலுமி ஒருவரின் தொப்பிப் பட்டியோ கடிதமோ யாரிடமாவது இருந்தால் அது வோர் மெமொரபிலியா. கடலடியில் கிடக்கும் கப்பலை அப்படிச் சொல்வதில்லை. 1996இல் உலகக் கிண்ணம் வென்ற இலங்கை அணி கையெழுத்திட்ட மட்டை கிரிக்கெட் மெமொரபிலியா. அதே வருடம் உங்கள் மாமா விளையாடிய மட்டை, வீட்டில் எவ்வளவு பத்திரமாக இருந்தாலும், அந்தச் சொல்லுக்குள் வராது.

பாருங்கள், இந்தச் சொல் பெரும்பாலும் தனியே வருவதில்லை. வோர், கிரிக்கெட், ஃபில்ம், ரோயல் என்று முன்னால் ஒரு துணையோடு வரும். அந்தச் சோடியாகவே பாடமாக்குங்கள்.

புள்ளி போகும் இடம் இலக்கணம். இது இலத்தீனில் இருந்து வந்த பன்மைச் சொல். 'எ மெமொரபிலியா' என்றும் எழுதக்கூடாது, கடைசியில் 'எஸ்' போட்டும் எழுதக்கூடாது. ஒரு பொருளைச் சொல்ல 'எ பீஸ் ஒஃப் மெமொரபிலியா' என்று எழுதலாம். பின்னால் வரும் வினை 'இஸ்'ஸா 'ஆர்'ரா? பன்மை என்பதால் 'ஆர்' போடுவது நல்லது. ஒருமையாக எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். பரீட்சையில் இந்தச் சந்தேகமே வராமல் இருக்க 'எ கலெக்ஷன் ஒஃப் கிரிக்கெட் மெமொரபிலியா' என்று தொடங்குங்கள். அப்போது எழுவாய் கலெக்ஷன். கண்ணை மூடிக்கொண்டு 'இஸ்' போடலாம்.

எழுத்துக் கூட்டலில் 'எல்'லுக்குப் பின்னால் வரும் 'ஐ'யைத்தான் பலர் விடுகிறார்கள். சொல்லும்போது அழுத்தம் 'பி'யில் விழ வேண்டும்.

அப்புறம், 'மறக்க முடியாத நாள்' என்ற தலைப்பு வந்தால் ஆசைப்பட்டு மெமொரபிலியாவை அங்கே கொண்டு போக வேண்டாம். நாளுக்கும் பயணத்துக்கும் மெமொரபிள். கட்டுரைக்குள் கடற்படை அருங்காட்சியகம் போன கதை வந்தால், அங்கே மெமொரபிலியாவுக்குத் தாராளமாக இடம் இருக்கும்.