பீரோவுக்குள் போன போர்வை

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அண்ணன் மகளுக்காக நான் முதன்முதலாகத் தைத்த ஒட்டுத்துணிப் போர்வை, இன்றுவரை ஒரு நாள்கூட யார் மேலும் போர்த்தப்பட்டதில்லை. அண்ணி அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவின் மேல்தட்டில் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். வீட்டுக்கு யாராவது வந்தால் எடுத்துக் காட்டுவார், பிறகு மடிப்புக் கலையாமல் உள்ளே வைத்துவிடுவார். கேட்டால், "இவ்வளவு பாடுபட்டுத் தச்சத எப்படிம்மா அழுக்காக்குறது?" என்பார். இரண்டு மாத உழைப்புக்குக் கிடைத்த அந்த மரியாதை எனக்கு உள்ளூரக் கசந்தது.

அதே வீட்டுக்கு நான் தைத்துக் கொடுத்த காய்கறிப் பையின் கதை வேறு. 2019 ஜனவரி 1 முதல் கடைகளில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபோது, உறவினர்கள் ஒவ்வொருவராக என்னிடம் துணிப்பை கேட்கத் தொடங்கினார்கள். பழைய ஜீன்ஸ் கால்களை வெளிப்பக்கத்துக்கும், வீட்டுத் திருமணங்களில் சேர்ந்துபோன தாம்பூலப் பைகளைப் பிரித்து உள்பக்கத்துக்கும் வைத்து ஏழெட்டுப் பைகள் தைத்தேன். அண்ணன் தேங்காய் வாங்கப் பையை விரிக்கும்போதெல்லாம், உள்ளே அவருடைய திருமண நாளும் மணமக்கள் பெயரும் மங்கிய சிவப்பு எழுத்தில் தெரியும். அந்தப் பை எண்ணெய்ப் பிசுக்கும் வெங்காயச் சருகுமாக வருடத்துக்கு ஒரு முறையாவது என்னிடம் திரும்பி வந்துவிடும், காது அறுந்துபோய்.

காது அறுவதற்குக் காரணம் நூல் அன்று, நான் போட்ட தையல்தான் என்பதை இரண்டாவது முறை பிரித்துப் பார்த்தபோது கண்டுகொண்டேன். காதின் முனையை வாய்மடிப்பில் அரை அங்குலம் மட்டும் செருகி ஒற்றைத் தையல் அடித்தால், ஐந்து கிலோ அரிசி முழுவதும் அந்த ஒரு கோட்டில்தான் தொங்கும். இப்போது முனையை ஒன்றரை அங்குலம் கீழே இறக்கி, சதுரமாகச் சுற்றித் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போல இரண்டு கோடுகள் ஓட்டுகிறேன். ஜீன்ஸ் துணி நான்கு மடிப்பாகச் சேரும் இடத்தில் 16ஆம் எண் ஊசி படக்கென்று ஒடிந்துவிடும். 18ஆம் எண் ஊசியை மாட்டி, அந்த இடத்தில் மட்டும் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுவதே நல்லது.

போர்வை விஷயத்தில் தவறு எங்கே என்பதை அம்மா ஒரே தொடுதலில் சொல்லிவிட்டார். நான் கடையில் புதிய கட்பீஸ் துணிகளை வாங்கி, நடுவில் பாலியஸ்டர் பஞ்சுத்தாள் வைத்து, அமெரிக்கக் குயில்ட் முறையைப் பார்த்துத் தைத்திருந்தேன். கஞ்சி விறைப்பு இன்னும் போகாத துணியும் காற்றுப் புகாத பஞ்சும் சேர்ந்த ஒன்றை மதுரையில் எந்த மாதத்தில் போர்த்துவது? பழம்புடவையின் மென்மை புதுத்துணிக்கு வராது என்பது பழம்புடவைகளை அடுக்கிக் காந்தா என்ற போர்வை தைக்கும் வங்காளப் பெண்களுக்கும், கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்களுக்கும் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த சங்கதி. புடவைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஓட்டுத் தையல் போட்டாலே மெல்லிய போர்வை கிடைத்துவிடும், பஞ்சே வேண்டியதில்லை.

கணக்கும் ஒத்துவந்தது. ஐந்தரை மீட்டர்ப் புடவை ஏறத்தாழ 216 அங்குலம் நீளமும் 45 அங்குலம் அகலமும் கொண்டது. அதைப் பாதியாக வெட்டி இரண்டையும் பக்கவாட்டில் இணைத்தால் 108க்கு 90, அதாவது இரட்டைக் கட்டிலுக்கு அளவெடுத்தது போன்ற அடித்துணி.

ஆனால், எந்தப் புடவையை வெட்டுவது என்பதில் ஒரு வாரம் சண்டை நடந்தது. தங்கை கொடுத்த பூனம் புடவையை அம்மா வழுக்கும் என்று தள்ளினார். அவருடைய சிவப்புச் சுங்குடியை வெட்ட நான் தயங்கினேன், கையால் முடிச்சிட்டுச் சாயம் ஏற்றிய புள்ளிகள் அவை. "கட்டாமப் பெட்டிக்குள்ள வச்சு என்னத்தக் கண்டே?" என்று அவரே கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தார். அண்ணியைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன், என்னையும் சேர்த்துத்தான். ஊற வைத்ததும் வாளித் தண்ணீர் பீட்ரூட் சாறாக மாறியது. வெள்ளைக் கைக்குட்டையில் சாயம் ஒட்டாத வரை மூன்று முறை அலசிய பிறகே வெட்டினேன்.

நடு அடுக்குக்கு என்ன வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோது, அம்மா உள்ளே போய் அப்பாவின் எட்டு முழ வேட்டிகள் இரண்டை எடுத்து வந்து தரையில் விரித்தார். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில், மிசூரி பெட்வே என்ற பெண் இறந்துபோன கணவருடைய வேலை உடுப்புகளைக் கிழித்து 1942இல் ஒரு போர்வை தைத்தார். அதன் படத்தில், முழங்கால் தேய்ந்த இடமெல்லாம் வெளிறித் தெரியும் நீலத் துணியைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப அவளுக்கும் தூக்கிப் போட மனசு வரல" என்று மட்டும் சொல்லிவிட்டு, வேட்டியின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் துணியை விரித்து, அடுக்குகள் நகராதபடி கச்சாத் தையல் போட்டுவிட்டு, கவந்திக்காரர்களைப் போல ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்தோம். அம்மாவின் தையல் எறும்பு வரிசை, தங்கையுடையது சாய்ந்துகொண்டே போகும், அண்ணி போட்டது அரை அங்குலத்துக்கு ஒன்று. அண்ணன் மகள் தன்னுடைய பழைய பாவாடைத் துணியை முக்கோணமாக மடித்து நான்கு மூலைகளிலும் பூப்போல வைத்தாள். கவந்தியில் அந்த மூலைப்பூ இல்லாவிட்டால் போர்வைக்கு உடுப்பில்லை என்பார்களாம், அதைச் சொன்னதும் அவளுக்கு ஒரே சிரிப்பு. வேலை முடிய ஆறு ஞாயிறுகள் ஆயின.

போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போனபோது, அந்தப் போர்வை மொட்டைமாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் காப்பிக் கறை, ஒரு மூலைப்பூவில் தையல் விட்டிருந்தது. "ஊசிநூல் கொண்டாந்தியாம்மா?" என்று கேட்டார் அண்ணி. முதல் போர்வை இன்னும் மேல்தட்டில்தான் இருக்கிறது.