பிரான்மலையில் பிடித்த கை

பிரான்மலை ஏறும்போது வழுக்கிய என்னை எட்டிப் பிடித்தவன் அவன். அன்று தொடங்கிய நட்பு.

1953இல் டென்சிங்கோடு எவரெஸ்ட் ஏறிய ஹிலாரி, அப்புறம் அந்த மலையடிவார ஷெர்பா மக்களுக்காக 1966இல் நேபாளத்தின் குண்டே கிராமத்தில் மருத்துவமனையே கட்டினார். அயோடின் குறைவால் கழுத்துக் கழலையோடு தவித்த ஊர்கள் அவை. பிரான்மலை உச்சியில் உட்கார்ந்து இதை அவன்தான் சொன்னான். இறங்கும்போது இருவருமே அதிகம் பேசவில்லை.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு, எங்கள் பூர்வீக வீட்டு முகப்பில் இலவசமாகச் சர்க்கரை, பிரஷர் பார்க்கிறோம். தெரிந்த டாக்டர் ஒருவர் வருகிறார்.

களையெடுத்த காலோடு நேற்று வந்த அப்பத்தா, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை மிதிக்கத் தயங்கி வாசலிலேயே நின்றார்.

"வாங்க அப்பத்தா, தரையைத் துடைச்சுக்கலாம்."

சர்க்கரை 340. "கிறுகிறுன்னு வரும், வெயிலுன்னு நெனச்சேன் அப்பு" என்றார். குதிகாலில் ஆறாத புண். அவன் தரையில் உட்கார்ந்து, அந்தக் காலை மடியில் வைத்துக் கழுவிவிட்டான்.