ஏசிங்க் கோரிக்கைப் பிழைதிருத்தம்: இரண்டாம் முயற்சியில் தேறியவரின் குறிப்பு

ஜாவாஸ்கிரிப்ட் நிரலாக்கச் செய்முறைத் தேர்வின் முடிவு நேற்று வந்தது, தேறிவிட்டேன். முதல் முயற்சியில் என்னைக் கவிழ்த்தது, நன்றாகப் படித்துவிட்டதாக நான் நம்பியிருந்த ஏசிங்க் கோரிக்கைப் பிழைதிருத்தம்தான் (சர்வரிடம் தரவு கேட்டு, பதில் வரும்வரை மற்ற வேலைகளை நிறுத்தாத நிரலில் பிழை கண்டுபிடிப்பது) என்பதால், அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அந்த வினாவில் பக்கம் திறந்தது, பட்டியல் வரவேண்டிய இடம் காலியாக இருந்தது, உலாவி பிழைச்செய்திகளைக் காட்டும் கன்சோலில் ஒரு சிவப்பு வரிகூட இல்லை. எங்கோ அவெயிட் (முடிவு வரும்வரை காத்திருக்கச் சொல்லும் சொல்) விடுபட்டிருக்கிறது என்று முதல் நிமிடத்திலேயே முடிவுகட்டி, 90 நிமிடத் தேர்வில் 40 நிமிடங்களைக் கரைத்தேன். உண்மையில் கோரிக்கை முகவரியில் ஓர் எழுத்து பிழையாக இருந்தது. சர்வரோ 404 (கேட்டது இங்கே இல்லை) என்ற நிலைக்குறியீட்டுடன், பிழைச்செய்தியை ஜேசான் என்ற ஒழுங்கான தரவு வடிவிலேயே அனுப்பிக்கொண்டிருந்தது. பதில் என்று ஏதேனும் வந்துவிட்டால், அது 404 ஆனாலும் 500 (சர்வரின் உள்பிழை) ஆனாலும், கோரிக்கையை அனுப்பும் ஃபெட்ச் தன் ப்ராமிஸை (பின்னர் வரப்போகும் முடிவுக்கான பொருளை) நிராகரிப்பதில்லை. ஆகவே பிழைகளைக் கையாளும் கேட்ச் பகுதி ஓடவில்லை. பட்டியல் இல்லையென்றால் வெற்று அரேயை எடுத்துக்கொள்ளச் சொல்லும் வரி, எஞ்சிய தடயத்தையும் விழுங்கிவிட்டது. ரெஸ்பான்ஸின் (வந்த பதிலின்) ஓகே பண்பு, நிலைக்குறியீடு 200 முதல் 299 வரை இருந்தால் மட்டுமே ட்ரூ என்பதை நான் மனப்பாடமாகச் சொல்வேன். அன்று அதைச் சோதிக்கத் தோன்றவில்லை.

அத்துடன் நிற்கவில்லை. சோதனைக்காக நானே சேர்த்த வரியில், அவெயிட் இல்லாமல், பதிலின் உள்ளடக்கத்தை வாசிக்கும் ஜேசான் மெத்தடை அழைத்து அச்சிட்டேன். கன்சோலில் பென்டிங் (இன்னும் முடியவில்லை) என்று வரவே, பிழையைப் பிடித்துவிட்டதாக மகிழ்ந்தேன். பதிலின் உள்ளடக்கத்தை ஒருமுறைதான் வாசிக்க முடியும் என்பதால், கீழிருந்த அசல் வரி டைப்எரர் என்ற பிழையை எறிந்தது. இப்படி, இல்லாத பிழையையும் உண்டாக்கி அதைத் துரத்தினேன்.

என்னைப் போன்ற அவசரக்காரர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: உலாவியில் கோரிக்கைகளையும் பதில்களையும் காட்டும் நெட்வொர்க் தாவலைப் பார்க்காமல் நிரலில் கைவைக்காதீர்கள். கோரிக்கை புறப்பட்டதா, நிலைக்குறியீடு என்ன, உள்ளே வந்தது என்ன என்று தாளில் எழுதிய பிறகே கோப்பைத் திறவுங்கள். நிதானமானவர்களுக்கு இந்தத் தாள் தேவைப்படாமல் இருக்கலாம்.

மற்றவை சுருக்கமாக:

- ஜேசான் வாசிப்பு "<" குறியில் முறிந்தால், வந்திருப்பது பெரும்பாலும் எச்டிஎம்எல் பக்கம்.
- படிவத்தின் சப்மிட் பக்கத்தையே மறுஏற்றம் செய்தால் கோரிக்கை பாதியில் அறுந்துபோகலாம். அந்த மறுஏற்றத்தைத் தடுக்கும் பிரிவென்ட்டிஃபால்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.
- பட்டியலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓடும் ஃபார்ஈச் உள்ளே போடும் அவெயிட்டுக்காக வெளியிலுள்ள வரிகள் காத்திருப்பதில்லை.
- கோர்ஸ் தடைக்கு (வேறு தளத்தின் பதிலை வாசிக்க உலாவி விதிக்கும் தடைக்கு) நோ-கோர்ஸ் முறை தீர்வன்று. வரும் பதிலை வாசிக்கவே முடியாது. அனுமதித் தலைப்பை (ஹெடரை) சர்வர்தான் அனுப்பவேண்டும்.

இரண்டாம் முயற்சியில் வந்தது தேடல் பெட்டி: பழைய எழுத்துகளுக்கான பதில் தாமதமாக வந்து புதிய முடிவை அழித்துக்கொண்டிருந்தது. இணைப்பு வேகத்தைக் குறைத்துப் பார்த்ததும் வரிசை புரிந்தது. முந்தைய கோரிக்கையை அபார்ட்கன்ட்ரோலர் கொண்டு ரத்துசெய்தேன். ஆனால் அந்த ரத்தும் கேட்ச் பகுதிக்கே வரும் என்பதை மறந்ததால், ஒவ்வோர் எழுத்துக்கும் "தரவு கிடைக்கவில்லை" என்ற செய்தி மின்னி மறைந்தது. அதற்கு 2 மதிப்பெண் போயிற்று.