ஒரு கட்டியின் வம்சாவளியை வரைந்த அனுபவம்

வாய்ப் புற்றுநோய்க் கட்டி ஒன்றின் வெவ்வேறு இடங்களிலிருந்து திசு எடுத்து, ஒவ்வொன்றின் டிஎன்ஏவையும் தனித்தனியே படித்து, அந்தக் கட்டி எந்த வரிசையில் வளர்ந்து எங்கே கிளை பிரிந்தது என்பதை மரமாக வரைவது எங்கள் ஆய்வுக் குழுவின் வேலை. சென்னையில் உள்ள ஓர் ஆய்வகத்தில், நோயாளியிடம் ஒப்புதல் வாங்குவதில் தொடங்கி மரத்தை வரைந்து முடிப்பது வரை நான் அந்த வேலையில் உடனிருந்தேன். இத்துறைக்கு வர விரும்பும் மாணவர்கள் பெரும்பாலும் எந்த மென்பொருள் நல்லது என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் மரம் சரியாக அமைவதும் கோணலாவதும் பெரும்பாலும் இரண்டு இடங்களில் முடிவாகிவிடுகின்றன: ஒன்று, திசு கைக்கு வரும் நேரம், மற்றொன்று, கணினி தரும் நீண்ட பட்டியலிலிருந்து எதைத் தள்ளுவது என்று உட்கார்ந்து தீர்மானிக்கும் நேரம்.

புற்றுநோய் ஒரே செல்லில் தொடங்கி, அதன் சந்ததிச் செல்கள் டிஎன்ஏவில் புதிய மாற்றங்களை, அதாவது பிறழ்வுகளைச் சேர்த்துக்கொண்டு ஒன்றையொன்று முந்தி வளர்கிற ஒரு பரிணாமம் என்பதை அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் நோவெல் 1976ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். அதை ஒரு நோயாளியின் கட்டியிலேயே விரிவாகக் காட்டுவதற்கு டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிக்கும் சீக்வென்சிங் மலிவாகும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2012இல் லண்டனில் சார்லஸ் ஸ்வான்டனின் குழுவினர் சிறுநீரகப் புற்றுநோய்க் கட்டிகளைப் பல பகுதிகளாகப் பிரித்துப் படித்தபோது, கண்டறிந்த பிறழ்வுகளில் 63 முதல் 69 விழுக்காடு வரை கட்டியின் எல்லாப் பகுதிகளிலும் காணப்படவில்லை என்று தெரிந்தது. ஓரிடத்தில் மட்டும் எடுத்த துணுக்கை வைத்துக்கொண்டு 'இந்தக் கட்டியில் இந்தப் பிறழ்வு இருக்கிறது' என்று சொல்வது எவ்வளவு அரைகுறையான பேச்சு என்பதை அந்த ஆய்வு எல்லோருக்கும் உணர்த்தியது. 2014இல் தொடங்கிய டிரேசர்எக்ஸ் என்னும் நுரையீரல் புற்றுநோய் ஆய்வு இதே முறையை நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்கு விரித்தது. நாங்கள் பின்பற்றியது ஏறக்குறைய அந்த வழிதான். கட்டி மட்டும் நம் ஊரில் அதிகம் காணப்படுகிற, கன்னத்தின் உட்புறத்திலும் பல் ஈறுகளிலும் வருகிற வகை.

ஒப்புதல் படிவம் தமிழில்தான் இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளை ஒட்டி, நெறிமுறைக் குழு திருத்திக் கொடுத்த படிவம். ஆனாலும் அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் மாலையில், வாயைச் சரியாகத் திறக்க முடியாத ஒருவரிடம் பல பக்கங்களை வாசித்துக் காட்டுவது எளிதன்று. பல ஆண்டுகளாக வெற்றிலையோடு புகையிலை போட்டு வந்த ஒரு பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதனால எனக்கு ஏதாச்சும் பிரயோஜனம் உண்டா தம்பி?" என்றார். "உங்க வைத்தியத்துக்கு இப்போதைக்கு ஒண்ணும் இல்லைங்க ஐயா, பின்னால வர்றவங்களுக்கு உதவலாம்" என்றேன். அவர் மகளைப் பார்த்தார். மகள் தலையசைத்த பிறகு கையெழுத்திட்டார். எங்கள் தரவில் அவர் ஓர் எண் மட்டுமே. இனி எழுதுவது அந்த எண்ணுக்குரிய கட்டியைப் பற்றி.

அறுவை அரங்கிலிருந்து வெளியே வரும் திசுவில் முதல் உரிமை நோய்க்குறியியல் மருத்துவருக்கு. வெட்டப்பட்ட விளிம்புகளில் நோய் மிச்சம் இருக்கிறதா என்பதை அவர் முடிவு செய்த பிறகுதான் ஆய்வுக்கென்று ஒதுக்குவார். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். முன்பகுதி, நடு, பின்பகுதி என்று கட்டியின் மூன்று இடங்களிலிருந்தும், கழுத்தில் நெறி கட்டியிருந்த ஒரு நிணநீர்க் கணுவிலிருந்தும் பயறளவுத் துணுக்குகள் கிடைத்தன. எந்தத் துணுக்கு எந்த இடத்தைச் சேர்ந்தது என்பதை அங்கேயே படம் வரைந்து குறித்து, குழாயில் எழுதி, திரவ நைட்ரஜனில் இட்டோம். ஒவ்வொரு துணுக்கின் ஓரத்திலிருந்தும் மெல்லிய சீவல் எடுத்துச் சாயமேற்றிப் பார்த்தபோது, நடுப்பகுதித் துணுக்கில் பாதிக்கு மேல் இறந்துபோன திசுவும் அழற்சிச் செல்களுமாக இருந்தன. புற்றுச் செல்கள் மிகக் குறைவாக உள்ள துணுக்கில் பிறழ்வுகள் இருந்தாலும் தெரியாது. தெரியாததை இல்லை என்று மரம் எடுத்துக்கொள்ளும். அதே நடுப்பகுதியில் சற்றுத் தள்ளி எடுத்து வைத்திருந்த மாற்றுத் துணுக்கைப் பயன்படுத்தினோம்.

ஒப்பீட்டுக்குரிய இயல்பான டிஎன்ஏவை இரத்தத்திலிருந்து எடுத்தோம். கட்டிக்குப் பக்கத்தில் நன்றாகத் தெரிகிற சதையையே எடுத்துக்கொள்ளலாமே என்று புதியவர்கள் கேட்பது வழக்கம். வாய்ப் புற்றுநோயில் அது ஆபத்தான யோசனை. கட்டியைச் சுற்றிலும் இயல்பாகத் தோன்றும் சவ்வுகூட ஏற்கெனவே மாறத் தொடங்கியிருக்கும் என்பதை ஆய்வாளர் ஸ்லாட்டரும் அவருடைய சகாக்களும் 1953இலேயே சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அண்மைக் காலத்தில், நோயே இல்லாத நடுவயதினரின் உணவுக்குழாய்ச் சவ்வில் நாட்ச்1 மரபணுவில் பிறழ்ந்த செல்கள் பரவலாக இருப்பதும் தெரிய வந்தது. அத்தகைய சவ்வை இயல்பானது என்று ஒப்பிட்டால், கட்டியின் மிகப் பழைய பிறழ்வுகள்தாம் முதலில் கழிந்துபோகும். மரத்துக்கு அடிமரமே இருக்காது.

டிஎன்ஏ பிரித்தெடுத்தல், புரதத்துக்குக் குறியீடு தரும் பகுதிகளான எக்ஸோமை மட்டும் பிடித்தெடுத்தல், சீக்வென்சிங் ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கிட்டில் சொல்லியிருப்பதைச் சொல்லியபடி செய்தால் நடக்கிற வேலைகள் அவை. மொத்த மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் உள்ளன. எக்ஸோம் அதில் ஒன்றிரண்டு விழுக்காடுதான். கோப்புகள் வந்தவுடன் செய்த முதல் சோதனை, நான்கு திசுக்களும் இரத்தமும் ஒரே ஆளுடையவைதானா என்பது. பிறப்பிலேயே வந்த சாதாரண வேறுபாடுகளை ஒப்பிட்டால் இது சீக்கிரம் தெரிந்துவிடும். குழாய் மாறிப்போன மாதிரியை இந்தச் சோதனையில்தான் பிடிக்க முடியும்.

அதன் பிறகு தொடங்கியதுதான் நீண்ட வேலை. ஒருவரின் எக்ஸோமில் பிறப்பிலேயே அமைந்த வேறுபாடுகள் இருபதாயிரத்துக்கு மேல் இருக்கும். மியூடெக்ட்2 போன்ற நிரல்கள் இரத்தத்தோடு ஒப்பிட்டு அவற்றைக் கழித்துவிடும். கழித்த பிறகும் மிஞ்சும் பட்டியலில் உண்மையான பிறழ்வுகளோடு பொய்களும் கலந்திருக்கும். ஐஜிவி என்னும் மென்பொருளின் திரையில் ஒவ்வோர் இடமாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை. சீக்வென்சிங்கில் படித்த சிறு டிஎன்ஏ துண்டுகளான வாசிப்புகள் சாம்பல் நிறக் கோடுகளாக அடுக்கப்பட்டிருக்கும். மாறிய எழுத்து மட்டும் வண்ணத்தில் தெரியும். அந்த வண்ணப் புள்ளி வாசிப்பின் நுனியிலேயே திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகப்பட வேண்டும். இழையின் ஒரு திசையில் மட்டும் வந்தாலும் அப்படியே. சளிப் புரதங்களுக்குரிய மியூசின் குடும்ப மரபணுக்களில் ஒரே தொடர் மறுபடி மறுபடி வருவதால், வேறோர் இடத்துக்குரிய வாசிப்பு அங்கே வந்து பொருந்தியிருக்கக்கூடும். இப்படித் தள்ளித் தள்ளி, நாங்கள் நம்பத் தயாரான பட்டியல் முதலில் வந்ததைவிட வெகுவாகச் சுருங்கியது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. பின்பகுதித் துணுக்கில் தெளிவாகத் தெரிந்த ஒரு பிறழ்வு, முன்பகுதியின் பட்டியலில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அங்கே அது உண்மையிலேயே இல்லையா, அல்லது நிரலின் வரம்புக்குக் கீழே இருந்ததால் பட்டியலில் ஏறவில்லையா? அந்த இடம் 60 முறை மட்டுமே படிக்கப்பட்டிருந்து, 5 விழுக்காடு டிஎன்ஏவில் பிறழ்வு இருந்தால்கூட, ஒரு வாசிப்பிலும் அது தென்படாமல் போக ஏறத்தாழ இருபதில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே ஏதாவது ஒரு பகுதியில் உறுதியான ஒவ்வொரு பிறழ்வையும், மற்ற மூன்று பகுதிகளின் மூல வாசிப்புகளிலும் போய்த் தேடினோம். கிளைக்குரியவை என்று நினைத்த சில பிறழ்வுகள் இப்படித் தேடியபோது அடிமரத்துக்கு இடம் மாறின. இன்னும் சில, குரோமோசோமின் அந்தத் துண்டே ஒரு பகுதியில் உதிர்ந்துபோனதால் காணாமல் போனவை. ஒருகாலத்தில் எல்லாச் செல்களிலும் இருந்து, பிறகு ஒரு கிளையில் மட்டும் தொலைந்த பிறழ்வைப் புதிதாகத் தோன்றிய கிளைப் பிறழ்வு என்று எண்ணிவிட்டால் மரம் தலைகீழாகிவிடும்.

கணக்கின் அடுத்த கட்டம், எத்தனை வாசிப்புகளில் பிறழ்வு இருக்கிறது என்பதிலிருந்து எத்தனை செல்களில் இருக்கிறது என்பதற்கு வருவது. ஒரு துணுக்கில் 60 விழுக்காடு செல்கள் புற்றுச் செல்கள் என்று கொள்வோம். அவை அனைத்திலும், தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரண்டு மரபணுப் பிரதிகளில் ஒன்றில் பிறழ்வு இருந்தால் வாசிப்புகளில் 30 விழுக்காட்டில் அது தெரியும். மற்றப் பிரதி புற்றுச் செல்களில் அழிந்துபோயிருந்தால் அதே பிறழ்வு ஏறக்குறைய 43 விழுக்காட்டில் தெரியும். இரண்டு நிலையிலும் செல்களின் விகிதம் மாறவில்லை. பிரதிகளின் எண்ணிக்கையைச் சரியாகக் கணிக்காமல் வாசிப்பு விழுக்காட்டை மட்டும் வைத்து மூத்தது, இளையது என்று பேசும் கட்டுரைகளை இப்போதெல்லாம் நான் முழுதாகப் படிப்பதில்லை.

ஒத்த விகிதத்தில் வரும் பிறழ்வுகளைக் குழுக்களாகச் சேர்த்த பிறகு, எந்தக் குழு எதிலிருந்து கிளைத்தது என்பதை எளிய தர்க்கமே பெரும்பாலும் சொல்லிவிடும். நூறு வீடுகள் உள்ள தெருவில் எழுபது வீடுகளில் கிணறும் ஐம்பது வீடுகளில் மாடும் இருந்தால், குறைந்தது இருபது வீடுகளில் இரண்டும் இருந்தாக வேண்டும். அதுபோல, ஒரே துணுக்கில் ஒரு குழு 70 விழுக்காடு செல்களிலும் மற்றொன்று 50 விழுக்காடு செல்களிலும் இருந்தால், சில செல்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஒரே பிறழ்வு இருமுறை தனித்தனியே தோன்றுவது அரிது என்பதால், சிறிய குழு பெரியதன் வழித்தோன்றல் என்று கொள்ளலாம். வேறொரு துணுக்கில் இந்த அளவுகள் தெளிவாகத் தலைமாறி வந்தால் வழித்தோன்றல் என்ற கணக்கு நிற்காது. கூட்டுத்தொகை நூற்றைத் தாண்டாதபோது இரண்டு அமைப்புகளுக்கும் இடமுண்டு. நிரல் ஒன்றை மட்டும் வரைந்து தருவதால், மற்றொன்று இல்லை என்று ஆகிவிடாது.

எங்கள் கட்டியில் டிபி53 மரபணுவின் பிறழ்வு நான்கு திசுக்களிலும் எல்லாப் புற்றுச் செல்களிலும் இருந்தது. காஸ்பேஸ்8 மரபணுவின் பிறழ்வும் அப்படியே. மும்பையின் டாடா நினைவு மையமும் மேற்கு வங்காளத்தின் கல்யாணியில் உள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுவியல் நிறுவனமும் இணைந்து நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு, இந்த வகைப் புற்றுநோயில் அடிக்கடி பிறழ்வதாகக் காட்டிய மரபணுக்களின் வரிசையில் இரண்டுமே உள்ளன. எனவே அடிமரத்தில் வியப்பில்லை. கட்டிக்குள் நாட்ச்1 பிறழ்வு நடுப்பகுதியிலும் பின்பகுதியிலும் மட்டும் இருந்தது. கழுத்துக் கணுவிலும் அது இருந்தது. முன்பகுதிக்கு மட்டும் உரிய பிறழ்வுகளில் ஒன்றுகூட அங்கே இல்லை. ஆகவே கழுத்துக்குப் போன செல்கள் முன்பகுதி பிரிந்த பிறகு, நாட்ச்1 கிளையிலிருந்து புறப்பட்டவை. இவ்வளவும் உறுதி.

நடுப்பகுதியும் பின்பகுதியும் தமக்குள் பிரிவதற்கு முன்பே கணுவின் மூதாதை புறப்பட்டுவிட்டதா, அல்லது பிரிந்த பிறகு பின்பகுதியிலிருந்து போனதா என்பதில்தான் இரண்டு மரங்கள் சம வலுவோடு நின்றன. நோய்க்குறியியல் துறையில் ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பொதித்து வைத்திருந்த இரண்டாவது கணுவின் கட்டை ஒன்று இருந்தது. அனுமதி பெற்று அதையும் எடுத்தோம். ஃபார்மலின் பட்ட டிஎன்ஏவில் சைட்டோசின் என்னும் எழுத்து சிதைந்து தைமின் என்னும் எழுத்தாகப் படிக்கப்படும் பொய் மாற்றங்கள் ஏராளம் என்பதால், முழு எக்ஸோமையும் மறுபடி படிக்காமல், சந்தேகத்துக்குரிய சில இடங்களை மட்டும் பெருக்கி ஆயிரக்கணக்கான முறை படித்தோம். பின்பகுதிக்கு மட்டும் உரியவை என்று நாங்கள் கருதிய பிறழ்வுகள் இரண்டாவது கணுவில் தெளிவாக இருந்தன. முதல் கணுவில் அதே ஆழத்தில் படித்தும் தென்படவில்லை. இரண்டாவது கணு பின்பகுதியிலிருந்தே சென்றது என்று அதனால் சொல்ல முடிந்தது. முதல் கணுவின் மூதாதை முன்பே புறப்பட்டிருக்கலாம். அல்லது நாங்கள் துணுக்கு எடுக்காத வேறோர் இடத்திலிருந்து போயிருக்கலாம். அந்த இடம் அறுவையன்றே வெட்டிக் கழிக்கப்பட்டுவிட்டதால் சரிபார்க்க வழியில்லை. இறுதி வரைபடத்தில் இரண்டாவது கணுவின் கிளையை முழுக் கோடாகவும், முதல் கணுவின் கிளையைப் புள்ளிக் கோடாகவும் வரைந்து, அடிக்குறிப்பில் இரண்டு சாத்தியங்களையும் எழுதி அனுப்பினோம்.