உவர்மலை இறக்கத்தில் நிற்காத கோஸ்டர்

நுவரெலியா பயணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போதுதான் எங்கள் கோஸ்டரின் ஹான்ட் பிரேக் காலை வாரியது. 1986ஆம் ஆண்டு டொயோட்டா கோஸ்டர். மாமா ஒரு காலத்தில் ஹயருக்கு ஓடிய பஸ். சீட்டுகளைக் கழற்றி, இரண்டு கட்டில், கேஸ் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தாங்கி எல்லாம் வைத்து அதை வீடாக்கிக்கொண்டோம். 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு அதை விலைக்குக் கேட்டு வராத ஆளில்லை, மாமா அசையவில்லை.

அன்றைக்கு திருகோணமலை உவர்மலையில் பெரியம்மா வீட்டு இறக்கத்தில் நிறுத்தி, லீவரை முழுசாக இழுத்துவிட்டு இறங்கினேன். கதவைக்கூடச் சாத்தவில்லை, வாகனம் சத்தமில்லாமல் நகர ஆரம்பித்துவிட்டது. பாய்ந்து ஏறி பிரேக்கை மிதித்தபோது எதிர் மதிலுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது.

கேபிள் தளர்ந்துவிட்டது என்று நானாகவே முடிவுகட்டினேன். கீழே படுத்து நட்டை முறுக்கினேன், இழுக்கும்போது பன்னிரண்டு 'டிக்' சத்தம் வந்த லீவர் ஐந்தில் இறுகியது. சரி, வேலை முடிந்தது என்று நிலாவெளிக்குப் போய்த் திரும்பினால் உப்புவெளி தாண்டும்போதே கருகிய மணம். வீட்டில் வந்து இறக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இறுகிய லீவரோடும் நகர்கிறது! பிடிக்கவும் இல்லை, விடவும் இல்லை.

அநுராதபுரச் சந்திப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் அண்ணை குனிந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "கேபிளை ஆர் முறுக்கினது?" நான் பேசாமல் நின்றேன். ஹான்ட் பிரேக் ட்ரம்மின் அடி விளிம்பில் விரலை வைத்து எடுத்து என் மூக்கடியில் நீட்டினார். கியர் ஒயில். அந்த மணத்தை வேறெதோடும் மாற்றிக்கொள்ள முடியாது.

இந்த வகை வாகனங்களில் ஹான்ட் பிரேக் பின் சில்லுகளில் இல்லை, கியர் பொக்ஸின் வாலில், பின் சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொபெலர் ஷாஃப்ட் பூட்டும் இடத்தில் தனியாக ஒரு ட்ரம்மாக இருக்கிறது. ஷாஃப்ட் திரும்பாவிட்டால் சில்லும் திரும்பாது, அவ்வளவுதான் அதன் கணக்கு. கியர் பொக்ஸின் பின்னால் ஒயிலை அடைத்து வைக்கும் வளையமான ஒயில் சீல் கசிந்தால், ஒயில் நேராக ட்ரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் சூவுக்குத்தான் வரும். இன்னொன்றும் உண்டு, இதை எனக்கு யாரும் முன்பே சொல்லியிருக்கவில்லை: ஒரு பின் சில்லை ஜக் அடித்துத் தூக்கினால், இரண்டு பின் சில்லையும் வெவ்வேறாகச் சுற்றவிடும் டிஃபரன்சல் அந்தச் சில்லை எதிர்ப்பக்கம் சுற்றவிட்டுவிடும், ஹான்ட் பிரேக் இழுத்திருந்தாலும் வாகனம் உருளும். ஷாஃப்டைக் கழற்றினாலோ கேட்கவே வேண்டாம். கியரில் போட்டு வைத்தாலும் பயனில்லை. அதனால் நாலு சில்லுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகுதான் அண்ணை கீழே படுத்தார். அப்படியிருந்தும் கடைசி போல்ட் வெளியே வந்தபோது வாகனம் கட்டையில் 'டக்' என்று சாய்ந்தது, எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

ஷாஃப்டைப் பிரிக்க முன் போல்ட் பூட்டும் வட்டத் தட்டுகளான இரண்டு ஃபிளாஞ்சிலும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போட்டார், அதே இடத்தில் திரும்பப் பூட்ட. ட்ரம் துருவில் ஒட்டிக் கிடந்தது. சுத்தியலை எடுத்த என் கையைத் தட்டிவிட்டு, ட்ரம்மில் இருந்த இரண்டு மரை ஓட்டைகளில் போல்ட்டைப் போட்டு இப்பக்கம் கொஞ்சம், அப்பக்கம் கொஞ்சமாக முறுக்கினார். தானாகக் கழன்று வந்தது.

உள்ளே பார்த்தால் சூவின் மேல் உரசும் பட்டையான லைனர் கறுத்து, கண்ணாடி போல மினுங்குகிறது. பெற்றோலில் கழுவி சேன்ட் பேப்பர் போட்டால் போதாதா என்று கேட்டேன், செலவு நினைவுதான். கழுவிக் காயவைத்து, லேசாக நெருப்புக் காட்டினார். காய்ந்த லைனரிலிருந்து வியர்வை மாதிரி ஒயில் பொட்டுப் பொட்டாக எழும்பியது. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. சூக்களை ரவுனுக்குக் கொடுத்தனுப்பிப் புது லைனர் ரிவெட் அடித்தோம். பழைய லைனரில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம் என்பதால் ட்ரம் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தோம்.

புதுச் சீல் கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தது. ஆனால் சீல் மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த மாதமே திரும்ப வந்திருக்கும். சீல் உதடு உரசும் ஃபிளாஞ்சுக் கழுத்தில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. புதுச் சீலைக் கொஞ்சம் உள்ளே தள்ளி அடித்து, உதடு தேயாத இடத்தில் உட்காரும்படி செய்தார் அண்ணை. கியர் பொக்ஸின் மேலே மூச்சுவிடும் சின்னக் குழாய் சேற்றால் அடைபட்டிருந்ததையும் கம்பி விட்டுத் திறந்தார். சூடாகும்போது உள்ளே அமுக்கம் கூடி, போக வழியில்லாமல் சீலைத்தான் தள்ளியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு அதுதான், கூலியில் அதற்கு ஒரு சதமும் இல்லை.

பூட்டும்போது முறை தலைகீழ். நான் முறுக்கியதையெல்லாம் முதலில் தளர்த்தி, ட்ரம் ஓட்டையால் ஸ்குரூ டிரைவர் விட்டு, சூவை விரிக்கும் பல்சக்கரத்தை ட்ரம் இறுகும் வரை திருப்பி, பிறகு சுதந்திரமாகச் சுற்றும் வரை சில பல் பின்னால் விட்டு, கடைசியில்தான் கேபிள். எட்டு 'டிக்'கில் நின்றது. ஒயில் விட்டு, நிரப்பும் ஓட்டை விளிம்புக்கு வந்துவிட்டதா என்று விரல் விட்டுப் பார்த்தார்.

தண்ணீர்த் தாங்கியை நிரப்பி, மாமாவையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு அதே உவர்மலை இறக்கத்துக்குப் போனோம். பின்னால் கட்டையோடு நான் நிற்க, மாமா லீவரை இழுத்துவிட்டுக் காலை எடுத்தார். அசையவில்லை. பத்து நிமிடம் நின்றோம், பெரியம்மா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா.

ஹபரணைப் பக்கம் யானை கடக்கும் என்பதால் விடிந்த பிறகுதான் புறப்படுகிறோம். றம்பொடை ஏற்றத்தில் எங்கேயாவது தேத்தண்ணிக்கு நிறுத்துவது நிச்சயம், அதனால் சில்லுக் கட்டைகளும் கட்டிலுக்குக் கீழே ஏறிவிட்டன.