பக்கவாதம்: மணிக்கணக்கு எங்கே தொடங்குகிறது?

பக்கவாதம் என்று அவசரப் பிரிவில் கொண்டுபோய் இறக்கியதும் மருத்துவர் கேட்பது, "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?" கூட வந்தவர்கள் சொல்வது, "காலையில 5 மணிக்கு எந்திரிச்சப்ப கை வரல, வாய் கோணிருச்சு." அது கவனித்த நேரம். ராத்திரி 10 மணிக்குப் படுத்தவர் என்றால் கணக்கு 10-லிருந்து. அதற்குள் 7 மணி நேரம் போய்விட்டது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான வரம்பு 4.5 மணி நேரம். அதே ஆள் 3 மணிக்கு எழுந்து ஒண்ணுக்குப் போய்விட்டு வந்து, வீட்டுக்காரம்மாவிடம் தெளிவாகப் பேசியிருந்தால் கணக்கு 3-லிருந்து. சிகிச்சையே மாறிவிடும். தனியாக இருந்தவரா? செல்போனில் கடைசியாகப் பேசிய நேரத்தைப் பாருங்கள்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்ததும், அது ரத்தம் தரும் இடத்தின் நடுப்பகுதி சீக்கிரம் செத்துவிடும். சுற்றியுள்ள பகுதி, பக்கத்துக் குழாய்கள் தரும் கொஞ்ச ரத்தத்தில் செயலற்று, ஆனால் உயிரோடு கிடக்கும். காப்பாற்ற முடிந்தது அதைத்தான். பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிவதாக அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-ல் கணக்கிட்டார். ஊசியைத் தாமதமாகக் கொடுத்தால் பலன் குறையும், மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து மட்டும் மிஞ்சும்.

2018-ல் வந்த ஆய்வுகள் இந்த வரம்பைத் தளர்த்தின. எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன், ஃப்ளேர் என்று இரண்டு வகைப் படம் எடுப்பார்கள். டிஃப்யூஷன் படத்தில் பாதிப்பு தெரிந்து, ஃப்ளேர் படத்தில் தெரியாவிட்டால் அது புதிது. அப்போது தூக்கத்தில் பக்கவாதம் வந்தவருக்கும் ஊசி போடலாம். பெரிய குழாய் அடைப்பில், தகுந்தவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூடக் கம்பிக்குழாய் செலுத்திக் கட்டியை எடுக்கிறார்கள். கட்டியைக் கரைக்கும் மருந்துகளில் ஆல்டிப்ளேஸை ஒரு மணி நேரம் ஏற்ற வேண்டும். இன்னொரு மருந்தான டெனெக்டிப்ளேஸ் உடல் எடையில் கிலோவுக்கு 0.25 மி.கி., அதிகபட்சம் 25 மி.கி., ஒரே ஊசி. வேறு ஊருக்கு மாற்றி அனுப்பும்போது இது பெரிய வசதி.

உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 40 கி.மீ. 108-ஐ அழைக்கும்போதே பக்கவாதம் என்று சொல்லி, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். புறா ரத்தம் தேய்க்க அலைந்தால் அந்த 4.5 மணி நேரம் அதிலேயே கரைந்துவிடும். ஸ்கேனுக்கு முன் ஆஸ்பிரின் வேண்டாம். பக்கவாதத்துக்குக் காரணம் குழாய் அடைப்பா, மூளைக்குள் ரத்தக்கசிவா என்று வெளியிலிருந்து தெரியாது. காபி, தண்ணீர் வேண்டாம், நுரையீரலுக்குள் போகும். பிரஷர் மாத்திரையும் கொடுக்காதீர்கள்: உயிரோடு கிடக்கும் அந்தப் பகுதி அந்த அழுத்தத்தை நம்பித்தான் இருக்கிறது. குளுக்கோமீட்டர் இருந்தால் சர்க்கரை பாருங்கள்; சர்க்கரை மிகவும் இறங்கினாலும் பக்கவாதம் போலவே கை கால் இழுக்கும். சாப்பிட்டுவரும் மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துப் போங்கள், முக்கியமாக வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை.